ஒன்பது விநாடிக் கெட்டிமேளம்

ஒரு கடிதத்தின் பிரதி யார் யாருக்குப் போகவேண்டும் என்று தெரிந்தவனுக்கு இந்த உலகத்தில் வேறெதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கடிதங்களும் கோவைகளும் கவனிக்கும் இலிகிதனாக இருந்தபோது இதை முழுமனதோடு நம்பினேன். ஓய்வு பெற்ற பிறகும் பெரும்பாலும் நம்புகிறேன். ஆனால் என் தங்கை வசந்தியின் கலியாணக் கதையை யாராவது எடுத்தால் மட்டும் நான் எழுந்து குசினிப் பக்கம் போய்விடுவேன். (தேத்தண்ணி வைக்கத்தான். வேறு காரணம் இல்லை.)

இத்தனை வருடமாக மற்றவர்கள் கையும் காலும் வைத்துச் சொல்லிவரும் கதையை, ஒரு தடவையாவது ஒழுங்கான வரிசையில், சம்பந்தப்பட்ட அலுவலர் என்ற முறையில் நானே பதிந்துவைக்கிறேன்.

சண்டைக் காலம் அது. எனக்கு முப்பத்து மூன்று வயது. கலியாணமாகவில்லை. பொழுது பட்டால் வீதியில் ஒருவருக்கும் அலுவல் இல்லை. அப்படிப்பட்ட ஒருவன் ஒன்று கடதாசி விளையாடப் பழகுவான், அல்லது கலைஞன் ஆவான். எனக்குக் கடதாசி விளையாட்டில் கள்ளம் செய்ய வராது. கனடாவில் இருந்த அண்ணன் கப்பலில் ஒரு கீபோட் அனுப்பியபோது என் விதி தீர்மானமாகியது.

அது வெறும் கீபோட் அல்ல. எந்தச் சத்தத்தையும் மைக் வழியாகப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். பிடித்த ஒலித்துண்டைச் சின்னத் திரையில் கொண்டுவந்து முன்னால் வெட்டலாம், பின்னால் வெட்டலாம், நடுவில் ஒரு பகுதியை மட்டும் ஓயாமல் சுழலவிடலாம். பிறகு கட்டைகளில் ஏற்றி வாசிக்கலாம். எல்லாவற்றிலும் பெரிய விசேஷம், வலது கை வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடது கையால் வெட்டித் திருத்தலாம். கூடவே வந்த விளக்கப் புத்தகத்தை நான் இரண்டு முறை வாசித்து, முக்கியமான இடங்களில் சிவப்புப் பேனாவால் கோடும் போட்டேன். அந்தக் கம்பனியில் அதைத் தயாரித்தவர்கள்கூட அப்படி வாசித்திருக்கமாட்டார்கள்.

முதல் மாதம் கிணற்றடி வாளியின் சத்தத்தைப் பிடித்து ஒரு தேவாரம் வாசித்தேன். அம்மா வாசலில் நின்று கேட்டாள்.

"படிச்ச பிள்ளை. அரசாங்க உத்தியோகம். வாளியில தேவாரம் வாசிக்குது. இதை ஆரிட்டச் சொல்லி அழ?"

அந்த யந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரத்தை நிறுத்தினால் பிடித்த சத்தம், செய்த திருத்தம் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறக்காமல் இருக்கவேண்டுமானால் ஃபுளொப்பி எனப்படும் சின்னத் தட்டொன்றில் முன்னரே எழுதிவைக்க வேண்டும். கோவையில் போடாதது நடக்காததற்குச் சமம் என்ற கொள்கை. எனக்கு அந்த யந்திரத்தின் மேல் மரியாதை வந்ததே இதனால்தான்.

எங்கள் பக்கத்தில் கலியாணமென்றால் தவில் வித்துவான் நடராசா அண்ணையின் செற் மேளம்தான். ஒருநாள் பின்னேரம் மைக்கைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நாதஸ்வரத்தைத் தனியாகப் பிடித்தேன். பிறகு செற்றில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கெட்டிமேளம் வேண்டும் என்று சொல்லி, பதிவுக் கட்டையை அழுத்திவிட்டுக் கையைக் காட்டினேன். நடராசா அண்ணைக்கு வாய் நிறைய வெற்றிலை. கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"இரும் தம்பி, வெத்திலையைத் துப்பிப்போட்டு வாறன்."

துப்பினார். வந்தார். தவிலைப் பிடித்து ஒன்பது விநாடி அடித்தார். முற்றத்து வேம்பில் இருந்த காகமெல்லாம் எழும்பிப் பறந்தது. அற்புதமான பதிவு. தொடக்கத்தில் அவருடைய பேச்சும் விழுந்திருந்தது, அதனால் என்ன, வெட்டினால் போச்சு. ஆனால் மூலப் பிரதியில் கைவைக்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் முதல் பாடம். ஆகவே பதிந்ததை அப்படியே ஃபுளொப்பியில் எழுதி, 'கெட்டிமேளம் – மூலப் பிரதி' என்று சிட்டை ஒட்டி, இனி யாரும் அதில் எழுத முடியாதபடி மூலையில் இருக்கும் சின்னப் பூட்டையும் தள்ளிவிட்டேன். வெட்டிய பிரதியைப் பிறகு வேறொரு ஃபுளொப்பியில் எழுதலாம் என்று எண்ணம். (இந்த 'பிறகு' என்ற சொல்லை அலுவலகக் கடிதங்களில் நான் எப்போதும் வெட்டிவிடுவேன்.)

அதன் பிறகு ஒரு மாதத்தில் வசந்திக்குக் கலியாணம் வைத்தோம். உண்மையில் மூன்றாம் முறையாக வைத்தோம். முதல் முறை பாதை பூட்டியது. இரண்டாம் முறை மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளை சிவரூபன் மாலைதீவில் கணக்காளர். இந்த முறை கிடைத்த லீவு பத்து நாள், அடுத்த லீவு அடுத்த வருடம். இதற்குள் வசந்தி கூறைச் சேலைக்கு எடுத்த சட்டையை இரண்டு முறை பிரித்து இரண்டு முறை தைத்துவிட்டாள். மூன்றாம் முறை பிரிக்கத் துணியில் இடமில்லை என்று தையற்காரி சொல்லிவிட்டாளாம்.

வெள்ளிக்கிழமை கலியாணம். செவ்வாய்க்கிழமை எனக்கு அலுவலகத்தில் ஒரு பட்டியல் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வரும் பயணிகளின் பெயர்கள். கோயில் திருவிழாவுக்கு மேளம் வாசிக்கப்போன நடராசா அண்ணையின் பெயர் அதில் இல்லை. செற்றில் ஒருவரின் பெயரும் இல்லை. இடம் கிடைக்கவில்லை. அடுத்த கப்பல் இரண்டு கிழமைக்குப் பிறகு. வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தம் என்பதால் கிடைக்கக்கூடிய வேறு மேளமெல்லாம் வேறு கலியாணங்களுக்குப் போய்விட்டது.

மாப்பிள்ளையின் தகப்பனார் ஓய்வுபெற்ற அதிபர். அவருடைய பாடசாலையில் மணி அடித்தால் காற்றுக்கூட வரிசையில் நிற்கும் என்று சொல்வார்கள். செய்தியைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையின் நுனியில் இருந்தார்.

"மேளமில்லாத தாலிகட்டு எங்கட குடும்பத்தில இல்லை."

"கசெற் போடலாந்தானே ஐயா" என்றாள் அம்மா.

"கசெற்றுக்குத் தாலி கட்டேலாது. மேளக்காரர் சபையில இருக்கோணும். இல்லையெண்டால் அடுத்த லீவுக்குப் பாப்பம்."

அறைக் கதவுக்குப் பின்னால் வசந்தியின் வளையல் சத்தம் கேட்டு நின்றது. அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"கசெற் வேண்டாம் ஐயா. நான் வாசிக்கிறன்."

"நீர் என்ன மேளக்காரரோ?"

"இல்லை. இலிகிதர். ஆனால் நடராசா அண்ணையின்ட மேளம் என்ட கீபோட்டுக்குள்ள கிடக்கு. ஒவ்வொரு தட்டும் அவற்ற தட்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் போட்டு, என்னைப் பார்த்தார். பரீட்சையில் பார்த்தெழுதினவனைப் பார்க்கும் பார்வை.

"நேரத்துக்குச் சரியா மேளம் கேக்கோணும். பிழைச்சால் நான் மகனைக் கூட்டிக்கொண்டு எழும்பிப் போவன். பிறகு குறை சொல்லக்கூடாது."

"பிழைக்காது ஐயா" என்றேன். நடைமுறை தெரிந்தவனின் குரலில்.

வெள்ளிக்கிழமை காலை கீபோட்டோடு வான் ஏறினேன். அதைக் கொண்டுபோவதற்கான கடிதத்தை மூன்று மொழியில், மூன்று பிரதியில் வைத்திருந்தேன். சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய் கடிதத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். போட்டுக் காட்டு என்று கையால் சொன்னார். சாவடியின் மின்சாரத்தில் செருகி, ஃபுளொப்பியைப் போட்டேன். அது வாசித்து முடிய ஒன்றரை நிமிடம். பின்னால் வாகனங்கள் சேர்ந்தன. பிறகு நாதஸ்வரத்தில் ஒரு வரி வாசித்தேன். சிப்பாய் சிரித்து, தானும் ஒரு கட்டையை அழுத்தினார். பின்னால் நின்ற லொறிக்காரர் கோண் அடித்தார். சுருதி சேரவில்லை. விட்டுவிட்டார்கள்.

மண்டபத்தில் ஒலிபெருக்கி போட்டவர் கிண்ணியா நசீர். தன் வேலை தெரிந்த மனிதர், கதை குறைவு. ஜெனரேற்றரும் அவருடையதே. நான் ஏற்கெனவே 'ஒலி ஒழுங்கு' என்று ஒரு தாள் தயாரித்திருந்தேன். முக்கியமான விதி ஒன்றுதான். நான் ஹெட்போனை மாட்டினால், எதையோ திருத்துகிறேன் என்று அர்த்தம், என் சத்தத்தை நசீர் முற்றாகக் குறைத்துவிட வேண்டும். கழற்றினால் பழையபடி கூட்ட வேண்டும். ஐயருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். அதிபருக்கு ஒரு பிரதி. அம்மாவுக்கு ஒரு பிரதி (அவள் அதில் வெற்றிலைக்குப் பாக்கு மடித்தாள்). வீடியோக்காரருக்குத் தகவலுக்காக ஒரு பிரதி.

"நசீர், எல்லாம் எழுத்தில இருக்கு. பாத்து நடந்தால் சரி."

"ஓம் சேர்" என்றார் நசீர். நான் ஏதோ கடவுளின் எழுத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

சடங்கு தொடங்குமுன் கெட்டிமேளத் துண்டைத் திரையில் எடுத்து, நடராசா அண்ணையின் பேச்சை முன்னால் வெட்டி எறிந்தேன். இப்போது கட்டையைத் தொட்டதும் தவில் இடித்தது. இதை ஃபுளொப்பியில் எழுதிவிடலாம் என்று பார்த்தால், புதிய ஃபுளொப்பிப் பெட்டி அலுவலக மேசையின் மூன்றாம் லாச்சியில் இருக்கிறது. கையில் இருப்பவை நாதஸ்வரத்தின் மூலப் பிரதியும் இதன் மூலப் பிரதியும்தான். அதன் பூட்டை நகத்தால் தள்ளினால் அதிலேயே எழுதலாம். ஆனால் மூலப் பிரதி மூலப் பிரதிதான். மின்சாரம் நின்றால்தானே அழியும், ஜெனரேற்றர் இருக்கிறதே என்று நியாயம் சொல்லிக்கொண்டேன். மின்சாரத்தை நிறுத்தக்கூடிய வேறொருவரும் மண்டபத்தில் இருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவர் கீபோட்டின் முன்னால் இருந்தார்.

முதல் ஒரு மணித்தியாலம் என் வாழ்க்கையின் உச்சம். மாப்பிள்ளை வந்து இறங்கியபோது நாதஸ்வரம் வாசித்தேன். வசந்தி மணவறைக்கு வந்தபோது வாசித்தேன். வாசித்துக்கொண்டே நாதஸ்வரத்தின் நுனியை ஒரு மயிரிழை வெட்டி இனிமையாக்கினேன். மூதூரிலிருந்து லோஞ்சில் குடாவைக் கடந்து வந்திருந்த பெரியப்பா ஒருவர் மேடைக்குப் பின்னால் போய், நடராசா அண்ணையைத் தேடிவிட்டு வந்தார். அதிபர்கூட ஒரு முறை தலையை ஆட்டினார். அல்லது மூக்கில் மொய்த்த இலையானைக் கலைத்தார்.

ஐயர் கூறையையும் தாலியையும் தட்டில் வைத்துச் சபைக்கு அனுப்பி ஆசி வாங்கினார். வசந்தி கூறைச் சேலையை வாங்கிக்கொண்டு உடுத்துவர அறைக்குப் போனாள். தாலி ஐயரின் முன்னால் தேங்காயின் மேல். மாப்பிள்ளை தனியாக மணவறையில். இனிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஐயரின் மந்திரம் மட்டும்தான். அந்த நேரம்தான் சிவரூபனின் இடுப்புச் சால்வை அவிழ்ந்தது. அவர் அதைத் திரும்ப முடிந்தார். நான் பழக்கதோஷத்தில் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு முடிச்சுக்கு இருபது விநாடி.

தாலிக்கு மூன்று முடிச்சு. இந்த மனிதருக்கு ஒரு நிமிடம் வேண்டும். என்னிடம் இருக்கும் கெட்டிமேளம் ஒன்பது விநாடி.

பதறவில்லை. யந்திரத்தில் வழி உண்டு, எண்பத்தேழாம் பக்கம். கெட்டிமேளத்தின் நடுப்பகுதியைச் சுழலவிட்டால், ஒரு தடவை தொட்டால் தொடங்கி மறுபடி தொடும்வரை ஓயாமல் அடிக்கும். ஹெட்போனை எடுத்து, நசீருக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டி, காதில் மாட்டினேன். நசீர் என்னைப் பார்த்தார், பெருவிரலை உயர்த்தினார். விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. கெட்டிமேளக் கட்டையைத் தொட்டேன்.

காதுக்குள் மேளம் பிளந்தது. இடது கையால் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிச் சுழலும் இடத்தைத் தேடினேன். முதலில் ஒரு விக்கல். சற்று முன்னே. இன்னும் கொஞ்சம். இதோ, தவிலின் முடிவும் தொடக்கமும் ஒட்டின இடம் தெரியாமல் ஒட்டிவிட்டது. கண்ணை மூடி, தலையை ஆட்டி, அந்தப் பூரணத்தை அனுபவித்தேன். எவ்வளவு நேரம் என்கிறீர்களா? வீடியோவில் இருக்கிறது. நாற்பத்தொரு விநாடி.

முதுகில் ஓர் அடி விழுந்தது. கண்ணைத் திறந்தேன். அம்மா. வாய் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றினேன். காதுக்குள் கேட்ட அதே மேளம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

கெட்டிமேளம் கேட்டால் எங்கள் சனம் யோசிப்பதில்லை. கை தானாக எழும்பும். முன்னால் வீடியோக்காரரும் அவருடைய வெளிச்சமும் மறைத்து நிற்பதால் மணவறையில் என்ன நடக்கிறது என்று எப்போதுமே ஒருவருக்கும் தெரியாது, மேளத்தைத்தான் நம்புவார்கள். முந்நூறு பேரும் எழும்பி அறுகரிசியையும் பூவையும் வாரி எறிந்துகொண்டிருந்தார்கள். பின்வரிசையில் மூதூர்ச் சனம், லோஞ்சுக்கு முதல் சோதனைக்கு நிற்கவேண்டிய அவசரத்தில், எறிந்த கையோடு பந்திக்கு ஓடிவிட்டது. வாழையிலை விரிக்கும் சத்தம் கேட்டது.

மணவறையில் சிவரூபன், சொல்வழி கேட்டு வளர்ந்த பிள்ளை, மேளம் கேட்டதும் எழுந்து தாலியை இரண்டு கையாலும் எடுத்துவிட்டார். எடுத்து, பக்கத்தில் திரும்பினார். இடம் வெறுமை. தலையில் தலைப்பாவுக்கு மேல் அரிசி குவிய, தாலியைப் பிடித்தபடி வெறும் மணைக்கு முன்னால் குனிந்து நின்றார். ஐயர் அவருடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி! தம்பி! ஆளில்லை! பொறும், ஆளில்லை!"

அறைக் கதவு ஒரு கண்ணளவு திறந்தது. பாதி உடுத்த கூறையோடு வசந்தியின் முகம்.

"நான் இஞ்ச நிக்கிறன். அவர் ஆருக்குக் கட்டினவர்?"

"நிப்பாட்டடா!" என்றாள் அம்மா.

மறுபடி அதே கட்டையைத் தொட்டால் நிற்கும். இதை எண்பத்தேழாம் பக்கத்தில் நானே கோடிட்டிருந்தேன். ஆனால் பதற்றத்தில் பக்கத்துக் கட்டையைத் தொட்டேன், நாதஸ்வரம் சேர்ந்தது. இன்னொன்றைத் தொட்டேன், கிணற்றடி வாளி சேர்ந்தது. கடைசியில், நடைமுறை தெரிந்த மனிதன் என்று ஊரெல்லாம் மதித்த நான், யந்திரத்தின் பின்னால் கையை விட்டு மின்சாரத்தை நிறுத்தினேன்.

அமைதி. எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் தெரியும், வெட்டியதும் ஒட்டியதும் சேர்த்து என் காலை வேலை முழுவதும் அந்த அமைதிக்குள் போய்விட்டது என்று.

முகம் துடைக்கச் சட்டைப்பையில் கையை விட்டேன். லேஞ்சியோடு ஒரு கடித உறை வந்தது. மேலே என் அழகான கையெழுத்து: 'திரு. நசீர், ஒலிபெருக்கி. மிக அவசரம்.' உள்ளே ஒலி ஒழுங்கு, அவருக்குரிய பிரதி. நசீர் மேடைக்கு வந்திருந்தார்.

"நசீர், நான் ஹெட்போன் போட்டால் குறைக்கச் சொன்னனான் எல்லோ?"

"எனக்கிட்ட ஒண்டும் சொல்லல்லியே சேர். நீங்க ஹெட்போனத் தூக்கிக் காட்டினீங்க. நல்லாக் கூட்டச் சொல்றீங்க எண்டு நெனச்சன். கூட்டிட்டன்."

அதிபர் எழுந்து நின்றார். தோளிலிருந்த அறுகரிசியை ஒவ்வொன்றாகத் தட்டினார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

"முகூர்த்தம் முடிய ஆறு நிமிசம் கிடக்கு. பிள்ளை கூறையோட வரட்டும். மேளம் கேட்டால் கட்டுறது. கேக்காட்டில் நாங்கள் போறம்."

யந்திரத்தைப் போட்டேன். அது கண்விழிக்க ஒரு நிமிடம். என்னிடம் இருந்தவை இரண்டு ஃபுளொப்பி. ஒன்றாம் இலக்கம் நாதஸ்வரமும் வாளியும், இரண்டாம் இலக்கம் கெட்டிமேளம். இந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் இரண்டாம் இலக்கத்தைத்தான் எடுப்பான். நான் ஒன்றாம் இலக்கத்தைச் செருகினேன். ஏனென்றால் அது ஒன்றாம் இலக்கம். ஒன்றரை நிமிடம் அது கறகறவென்று வாசித்தது. வசந்தி கூறையோடு வந்து இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கோபம் என்றால் தாங்கியிருப்பேன், கண் கலங்கியிருந்தது. இரண்டாம் இலக்கத்தைச் செருகினேன். ஒன்றரை நிமிடம். அது வாசித்து முடிக்கவும் ஐயர் கையை உயர்த்தவும் சரியாக இருந்தது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

மூலப் பிரதி, பூட்டுப் போட்டு நான் காப்பாற்றிய மூலப் பிரதி, ஓர் எழுத்தும் திருத்தப்படாமல் உள்ளே இருந்தது. வெட்ட நேரமில்லை. தொட்டேன்.

நசீர் முன்பு கூட்டியதை இன்னும் குறைக்கவில்லை.

"இரும் தம்பி, வெத்திலையைத் துப்பிப்போட்டு வாறன்."

தாலியோடு குனிந்த சிவரூபன் அப்படியே நின்றுவிட்டார். முந்நூறு தலை மேடைக்குப் பின்னால் திரும்பியது. முன்வரிசையில் ஒருவர் தெளிவாகக் கேட்டார்: "நடராசாண்ணை யாழ்ப்பாணத்தில எல்லோ நிக்கிறார்?" துப்பும் சத்தம் நான்கு ஒலிபெருக்கியிலும் நன்றாகக் கேட்டது. பிறகு மேளம் இடித்தது. ஒன்பது விநாடி. நின்றது. சிவரூபன் முதல் முடிச்சின் பாதியில்.

அவர் தகப்பனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வசந்தி மட்டும் குனிந்த தலையோடு, இரண்டு கையாலும் மடியைப் பிடித்தபடி இருந்தாள். அதிபரின் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை.

"மேளக்காரர் சபையில இருக்கோணும் எண்டனான்" என்றார். "வந்திருக்கிறார். நீ கட்டு."

மறுபடி தொட்டேன். "இரும் தம்பி" என்றதும் மாப்பிள்ளை மறுபடி நின்றார்.

"ஆள் துப்பிப்போட்டு வரட்டும்" என்றார் அதிபர். "அவசரமில்லை. பிறகு கட்டு."

அப்போதுதான் வசந்தியின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தாள். சிரிப்பை அடக்கமுடியாமல் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சிரிக்க மாப்பிள்ளை சிரித்தார், சிரித்ததில் முடிச்சு இன்னும் தாமதமாகியது. எல்லாமாக ஏழு தடவை தொட்டேன். ஐந்தாம் தடவையிலிருந்து சபையே சேர்ந்து சொல்லத் தொடங்கிவிட்டது. பந்தியில் இருந்த மூதூர்ச் சனம் பப்படத்தைக் கையில் வைத்தபடி ஓடிவந்து இரண்டாம் முறை அறுகரிசி போட்டது. அம்மா இன்றும் சொல்லுவாள், ஒரு மாப்பிள்ளைக்கு இரண்டு தரம் ஆசீர்வாதம் கிடைத்த கலியாணம் இந்த ஊரில் இது ஒன்றுதான், முதல் தரம் பொம்பிளைகூட இல்லாமல் கிடைத்தது என்று.

இரண்டு கிழமைக்குப் பிறகு நடராசா அண்ணை கப்பலால் இறங்கினார். இறங்குதுறையிலேயே ஊர் அவருக்குக் கதையைச் சொல்லிவிட்டது. நேராக என் மேசைக்கு வந்தார்.

"நான் யாழ்ப்பாணத்தில நிக்க, இஞ்ச என்னைக்கொண்டு ஏழு தரம் துப்ப வைச்சனீராம்?"

எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். எழுத்தில் தரவும் ஆயத்தமாக இருந்தேன். அவர் கையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார்.

"மேளம் எப்பிடிக் கேட்டது?"

"அப்பிடியே நீங்கள் அடிச்ச மாதிரி அண்ணை."

"பிறகென்ன" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையைத் துப்ப வெளியே போனார்.

எங்கள் குடும்பத்தில் அதன் பிறகு ஒரு காரியமும் அந்த வசனம் இல்லாமல் தொடங்குவதில்லை. வான் புறப்படுமுன் யாராவது சொல்வார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் சொல்வார்கள். சாகும் தறுவாயில் அதிபர் தன் மகனைப் பார்த்து அதைத்தான் சொன்னார் என்று சிவரூபன் சத்தியம் செய்கிறார். நான் நம்பவில்லை, ஆனால் மறுப்பதற்கு என்னிடம் ஆவணம் எதுவும் இல்லை.

போன தை மாதம் வசந்தியின் மகளுக்குக் கலியாணம். அதே திருகோணமலை, பெரிய மண்டபம், உண்மையான மேளம். நடராசா அண்ணை இப்போது இல்லை, அவருடைய மகன்தான் தவில். என்னை முன்வரிசையில், எந்தச் சாதனத்துக்கும் கையெட்டாத தூரத்தில் இருத்தியிருந்தார்கள். ஐயர் கையை உயர்த்தினார். மேளம் கேட்கவில்லை. மாப்பிள்ளை குழம்பி நின்றார். தவில்காரர் என்னைப் பார்த்து, மைக்கைத் தன் பக்கம் இழுத்து, தகப்பனின் குரலில், தகப்பனின் நிதானத்தில் சொன்னார்:

"இரும் தம்பி, வெத்திலையைத் துப்பிப்போட்டு வாறன்."

மண்டபம் அதிர்ந்தது. பிறகு விசாரித்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் வெற்றிலை போட்டதே இல்லையாம்.